கடலுக்கு 61 நாள் தடை... கண்மாய்க்கு 3 நாள் கூட கிடையாதா?

புதுத்தண்ணீரில் ஏறும் சினை மீன்களை அள்ளுவதால் குறைந்து வரும் நாட்டு மீன்கள்

சிவகங்கை:-

ஐப்பசி மழை ரெண்டு நாள் விடாமல் அடித்தால் போதும். சிங்கம்புணரி, மேலூர், கொட்டாம்பட்டி, பொன்னமராவதி பக்கத்து ஊர்களில் இளவட்டங்கள் யாரையும் வீட்டில் பார்க்க முடியாது. "வரத்துக்கால்ல தண்ணி வந்துருச்சுடா, மீன் ஏறுது" என்று ஒரு குரல் கேட்டால் போதும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பி விடுவார்கள். கையில் கொசுவலை, கிழிந்த சேலை, ஓட்டைக் கூடை என்று எது சிக்கியதோ அது. மழைக்காக பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தால் பொடிசுகளும் பின்னாலேயே ஓடும்.

ஓடி வருகிற செந்தண்ணீரை எதிர்த்து மீன் ஏறுவதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முழங்கால் அளவு கூட தண்ணீர் இருக்காது. அதில் கெண்டை கூட்டம் கூட்டமாக முதுகு தெரிய ஏறும். கெளுத்தி, குறவை, ஆரா, அயிரை எல்லாம் வரும். கல் தடுத்தால் துள்ளும், விழும், மறுபடியும் துள்ளும். அந்த நேரத்தில் பக்கத்தில் மனுஷன் நிற்பது கூட அதற்கு தெரியாது. வலை வீசத் தெரியாதவன் கூட வேட்டியை விரித்துப் பிடித்தால் கால் கூடை அள்ளி விடலாம்.

பிரச்சினையும் அதில் தான் இருக்கிறது. ஏறி வருகிற மீனில் பெரும்பகுதி சினை மீன். முட்டை போடுவதற்காக போய்க்கொண்டு இருக்கிற மீன்.

எதற்காக ஏறுகிறது?

"கண்மாயில தான் தண்ணி கிடக்கே, அங்கேயே முட்டை போட வேண்டியது தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி தான். ஆனால் மீன் நம்மை விட விவரமானது. ஆழமான இடத்தில் முட்டை போட்டால் பெரிய மீன் தின்று தீர்த்து விடும். வாளையும் விராலும் சும்மா விடாது.

புதுசாக மழைத்தண்ணீர் பாய்ந்த ஓடை ஓரம், புல்தரை, வயல்காடு எல்லாம் வேறு மாதிரி. அங்கே தண்ணீர் கணுக்கால் அளவு தான் நிற்கும். பெரிய மீன் உள்ளே வர முடியாது. வெயிலில் வெடித்துக் கிடந்த மண்ணில் தண்ணீர் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத பாசியும் பூச்சியும் பெருகும். குஞ்சு மீனுக்கு அது தான் தாய்ப்பால் மாதிரி. மழை, தண்ணீரின் குளிர்ச்சி, ஓட்டம் இவை எல்லாம் சேர்ந்து மீனுக்கு சேதி சொல்கின்றன. வயிற்றில் சினையோடு காத்திருக்கும் மீன் கிளம்பி விடுகிறது.

போட்ட முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிந்து விடும். குஞ்சுகள் கொஞ்ச நாள் ஓடையிலும் வயலிலும் வளரும். தண்ணீர் வடிகிற போது அதோடு சேர்ந்து கண்மாய்க்கு இறங்கும். தை, மாசியில் நாம் குழம்பு வைக்கிற பொடிமீன் பல அப்படி வந்தது தான்.

ஏற்றம் வலுவாக இருப்பது முதல் தண்ணீர் வந்த சில நாட்கள் மட்டும் தான். அந்த நாட்களில் ஓடையை அடைத்து வலை கட்டினால் அந்த வருஷத்துக் குஞ்சில் பெரும்பங்கு அதோடு போச்சு.

இதில் ஒரு விஷயத்தை பலர் குழப்பிக் கொள்கிறார்கள். "அதான் குத்தகைக்காரர் வருஷா வருஷம் குஞ்சு விடுறாரே" என்பார்கள். அவர் விடுவது கட்லா, ரோகு, மிர்கால். இவை வட இந்திய பெரிய ஆறுகளின் மீன்கள். ஆற்று வெள்ளத்தில் தான் இனப்பெருக்கம் செய்யும். நம் கண்மாயில் எத்தனை கிலோ வளர்ந்தாலும் அங்கே குஞ்சு பொரிக்காது. 1957-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி ஊசி போட்டு இந்த வகை மீனை முட்டையிட வைத்துக் காட்டினார். அதன் பிறகு தான் பண்ணையில் குஞ்சு உற்பத்தி செய்து ஊர் ஊருக்கு விடுவது பெருகியது. அந்த ஜூலை 10 தான் தேசிய மீன் விவசாயிகள் தினம்.

ஆக கட்லா குஞ்சு வேண்டும் என்றால் பண்ணையில் காசு கொடுத்து வாங்கி விடலாம். நம்ம ஊர் அயிரைக்கும் ஆராவுக்கும் குஞ்சு வாங்கி விடுகிற குத்தகைதாரர் யார் இருக்கிறார்? அதுகளுக்கு அந்த ஓடை தான் பண்ணை, வயல்காடு தான் தொட்டில்.

விரால் மட்டும் கொஞ்சம் வேறு ரகம். செடி கொடி நிறைந்த ஓரத்தில் இடத்தை சுத்தம் செய்து முட்டை போடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் இருக்கும். செவ்வெறும்பு கூட்டம் மாதிரி சிவப்பு சிவப்பாக குஞ்சுகள் மேலே மிதந்து வரும். கீழே தாய் நிற்கும். இது தெரிந்த கில்லாடிகள் அந்த குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் தூண்டிலை போடுவார்கள். குஞ்சை காப்பாற்ற பாய்ந்து வரும் தாய் கொக்கியில் மாட்டும். ஒரு விரால் கிடைத்தது என்று அவர் சந்தோஷமாக போவார். அந்த குஞ்சுகளை அடுத்த அரை மணி நேரத்தில் மற்ற மீன்கள் முடித்து விடும்.

நாமும் அள்ளியவர்கள் தான்

இதை எழுதுகிற நாம் ஒன்றும் யோக்கியம் கிடையாது. எட்டாவது படிக்கிற காலத்தில் அப்பாவோடு விடிகாலை 4 மணிக்கு அரிக்கேன் விளக்கை தூக்கிக்கொண்டு கலுங்குக்கு போனவர்கள் தான். சாக்கை விரித்துப் பிடித்த நம் கை மரத்துப் போகும். வீட்டுக்கு வந்தால் அப்பத்தா சினையை மட்டும் தனியாக எடுத்து மஞ்சள் போட்டு வறுத்துக் கொடுக்கும். அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. "சினை தின்னா பிள்ளைகளுக்கு தெம்பு" என்பார்கள்.

அன்றைக்கும் அள்ளினார்கள், அப்போது குறையாத மீன் இப்போது மட்டும் ஏன் குறைகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அன்றைக்கு அள்ளியது சாக்கு, பறி, ஊத்தா. அள்ளியது போக பாதிக்கு மேல் தப்பித்து மேலே போகும். இன்றைக்கு ஓடையின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரை கொசுவலையை கட்டி விடுகிறார்கள். நெத்திலி அளவு மீன் கூட தாண்ட முடியாது. அதற்கும் மேலே சிலர் பேட்டரியை கட்டிக்கொண்டு தண்ணீரில் கரண்ட் விடுகிறார்கள். பிடிப்பவருக்கும் ஆபத்து, சுற்றி இருக்கிற குஞ்சு குளுவானுக்கும் சாவு. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். வெள்ளைக்காரன் காலத்து சட்டம். கண்மாய்க்கரை வரை அந்த சட்டம் வந்து சேர இன்னும் நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கடலில் நடப்பது என்ன?

நம் பக்கத்து ராமேசுவரம், மண்டபம், தொண்டி மீனவர்களை கேளுங்கள். ஏப்ரல் 15-ந் தேதி வந்தால் விசைப்படகு கரை ஏறி விடும். ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்கு போக முடியாது. 2001-ல் இந்த தடை வந்த போது 45 நாள். 2017-ல் தான் 61 நாள் ஆனது. காரணம் ஒன்றே ஒன்று, அது மீன்கள் முட்டையிட்டு குஞ்சு பெருகுகிற காலம். ஆரம்பத்தில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனாலும் தடைக்கால நிவாரணத்தை அரசு கொடுக்கிறது, படகை பழுது பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

அதே நியாயம் கண்மாய் மீனுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. கடலில் இருப்பது போன்ற தடைக்காலம் நம் பக்கத்து கண்மாய்களில் நடைமுறையில் கிடையாது. கண்மாய் மீனவருக்கு தடையும் இல்லை, அதனால் நிவாரணமும் இல்லை.

பக்கத்து மாநிலமான கேரளாவில் இதற்கு சட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே புதுமழையில் மீன் ஏறுவதற்கு 'ஊத்த' என்று பெயர். (நம் ஊரில் ஊத்தா என்றால் மீன் அமுக்குகிற கூடை. பேர் ஒன்றாக இருப்பது வேடிக்கை தான்). 2010-ம் ஆண்டு உள்நாட்டு மீன்வள சட்டத்தின்படி ஊத்த மீனை பிடித்தால் ரூ.15 ஆயிரம் அபராதம், 6 மாதம் வரை ஜெயில் என்று அறிவிக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் அதிகாரிகள் எச்சரிக்கை விடுவதும், ஜனங்கள் இருட்டில் டார்ச் லைட்டோடு போவதும் அங்கேயும் நடக்கிறது. அதனால் சட்டம் போட்டால் எல்லாம் சரியாகி விடும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு கூடை மீனுக்காக கூலித் தொழிலாளியை ஜெயிலில் போடுவது நமக்கு சரியாகவும் படவில்லை. மழை பெய்தால் அவருக்கு வேலை இல்லை. அன்றைக்கு குழம்புக்கு வழி அந்த மீன் தான்.

குத்தகை கணக்கு

அப்படியானால் யார் மீது தப்பு? இங்கே தான் மீன்பாசி குத்தகை கணக்கை பார்க்க வேண்டும்.

கண்மாய் மீன் ஏலம் பெரும்பாலும் பசலி கணக்கில் போகும். ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிவது ஒரு பசலி. ஒரு வருஷத்துக்கு எடுப்பவரும் உண்டு, சில வருஷத்துக்கு சேர்த்து எடுப்பவரும் உண்டு. ஒரு வருஷத்துக்கு எடுத்தவர் என்ன நினைப்பார்? ஏலத்தொகை கட்டியாச்சு, குஞ்சு வாங்கி விட்டாச்சு, காவலுக்கு ஆள் போட்டாச்சு. ஜூன் 30-க்குள் போட்ட காசை எடுத்தாக வேண்டும். அடுத்த வருஷம் கண்மாய் யார் கைக்கு போகுமோ தெரியாது. அடுத்தவருக்காக அவர் எதற்கு விதை மீனை விட்டு வைக்க வேண்டும்? கடைசி சொட்டு தண்ணீர் வரை வலையை போட்டு இழுக்கத்தான் செய்வார். அவர் இடத்தில் நாம் இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

கலுங்கில் அவர் வலை கட்டுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அவர் காசு கொடுத்து விட்ட கட்லா, ரோகு அத்தனையும் தண்ணீரோடு கீழ் கண்மாய்க்கு போய் விடும். போனால் போனது தான், திருப்பிக் கேட்க முடியாது. அதனால் மூங்கில் தட்டியோ வலையோ வைத்து அடைக்கிறார். அந்த அடைப்பு கீழே இருந்து ஏறி வருகிற மீனையும் தடுக்கிறது. அடைப்புக்கு கீழே கூட்டமாக முட்டி மோதிக்கொண்டு நிற்கிற மீனை மற்றவர்கள் அள்ளுகிறார்கள்.

ஆனால் வரத்துக்கால் வேறு. கலுங்கு என்பது கண்மாய் நிறைந்த பிறகு தண்ணீர் வெளியே போகிற வழி. வரத்துக்கால் என்பது தண்ணீர் உள்ளே வருகிற வழி. முதல் மழையில் கண்மாயில் மிச்சம் கிடக்கிற நாட்டு மீன் ஏறுவது வரத்துக்காலில் தான். அந்த நேரத்தில் கண்மாயில் குத்தகைதாரர் விட்ட குஞ்சே பெரும்பாலும் இருக்காது. தண்ணீர் நிறைந்த பிறகு தானே குஞ்சு வாங்கி விடுவார். ஆக வரத்துக்காலில் வலை கட்டாமல் இருந்தால் அவருக்கு பைசா நஷ்டம் கிடையாது. கலுங்கு அடைப்பை பற்றி சண்டை போடுவதற்கு முன்னால் வரத்துக்கால் வலையை எடுக்கச் சொல்வது சுலபமான காரியம்.

வலையை எடுத்தால் மட்டும் மீன் ஏறி விடுமா என்றால் அதிலும் சிக்கல் இருக்கிறது. எத்தனை வரத்துக்கால் உருப்படியாக இருக்கிறது? சீமைக்கருவேலம் ரெண்டு பக்கமும் அடைத்து நிற்கிறது. 2017-ல் ஐகோர்ட்டு மதுரை கிளை உத்தரவு போட்ட போது ஊர் ஊராக வெட்டினார்கள். வேரை விட்ட இடத்தில் எல்லாம் மறுபடியும் முளைத்து விட்டது. அதே வருஷம் தொடங்கிய குடிமராமத்தில் பல கண்மாய்களில் கரையும் மடையும் சரியானது உண்மை. மீன் ஏறுவதற்கு வழி இருக்கிறதா என்று யாரும் பார்த்ததாக தெரியவில்லை. ஓடையை காங்கிரீட் வாய்க்காலாக மாற்றினால் தண்ணீர் வேகமாக வரும், நல்லது தான். ஆனால் வழவழப்பான காங்கிரீட்டில் அயிரைக்கு ஒதுங்க மணலும் கிடையாது, முட்டை ஒட்டிக்கொள்ள புல்லும் கிடையாது. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்பு சுவர் கட்டி விட்டால் கெண்டை எவ்வளவு துள்ளினாலும் தாண்டாது.

கடைசியில் மிஞ்சுவது ஜிலேபி

இப்படியே போனால் என்ன ஆகும்? கண்மாயில் மீன் இல்லாமல் போகாது. ஜிலேபி இருக்கும்.

ஆப்பிரிக்காவை சேர்ந்த இந்த ஜிலேபி கெண்டையை 1952-ல் இலங்கையில் இருந்து நம் மண்டபத்துக்கு தான் முதலில் கொண்டு வந்தார்கள். அங்கிருந்து ஊரெல்லாம் பரவி விட்டது. இதற்கு புதுத்தண்ணீர் வேண்டாம், வரத்துக்கால் வேண்டாம், ஏறவும் வேண்டாம். கிடக்கிற இடத்திலேயே குழி பறித்து முட்டை போடும். போட்ட முட்டையை தாய் வாய்க்குள் வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரிந்த பிறகும் ஆபத்து வந்தால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தடவை என்று இல்லை, பல தடவை. ஒரு பக்கம் நாட்டு மீனை சினையோடு அள்ளிக்கொண்டு இருந்தால், மறு பக்கம் அந்த இடத்தை ஜிலேபி பிடித்துக் கொள்கிறது.

ஜிலேபியை குறை சொல்லி புண்ணியம் இல்லை. ஏழை வீட்டு குழம்புக்கு விலை குறைவாக கிடைக்கிற மீன் அது. ஆனால் அது மட்டுமே மிஞ்சினால் கதை வேறு. அதை விட மோசம் ஆப்பிரிக்க கெளுத்தி. 2000-ம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை போட்ட மீன். குட்டையில் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். பெருமழையில் குட்டை உடைந்தால் ஓடை வழியாக கண்மாய்க்கு வந்து கண்ணில் பட்டதை எல்லாம் தின்னும்.

அயிரைக்கு மதுரையில் இருக்கிற மவுசு எல்லோருக்கும் தெரியும். உயிரோடு தான் விற்பார்கள். பாலில் விட்டு மண்ணை கக்க வைத்து குழம்பு வைப்பார்கள். கிலோ ஆயிரம் ரூபாயை தாண்டி விற்ற நாட்கள் உண்டு. ஓட்டலில் அயிரை குழம்பு சாப்பிட வெளியூரில் இருந்து காரில் வருகிறார்கள். ஒரு காலத்தில் நம் ஓடையில் துண்டை விரித்துப் பிடித்த மீன், இப்போது கூலிக்காரர் வாங்கித் தின்ன முடியாத மீன் ஆகி விட்டது. கிடைப்பது குறைந்ததும் அதற்கு ஒரு காரணம் தான்.

துண்டு வீசும் வரை கை வைக்காத ஊர்கள்

"ஜனங்க கேக்க மாட்டாங்க சார்" என்று அதிகாரிகள் கையை விரிப்பது வழக்கம். இதை நாம் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

இதே சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டங்களில் கோடையில் நடக்கும் மீன்பிடி திருவிழாவை பாருங்கள். கண்மாயில் தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்து விடும். உள்ளே மீன் துள்ளுவது கரையில் இருந்தே தெரியும். ஆனாலும் ஒருத்தரும் கை வைக்க மாட்டார்கள். ஊர் கூடி நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டு கிராமங்களுக்கு சொல்லி விடுவார்கள். அன்றைக்கு விடியும் முன்பே ஆயிரக்கணக்கில் ஆட்கள் கரையை சுற்றி நிற்பார்கள். வலை, கச்சா, ஊத்தா, தூரி, கூடை எல்லாம் கையில் இருக்கும். சாமி கும்பிட்டு ஊர் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதன் பிறகு தான் இறங்குவார்கள். சாதி, மதம் பார்க்காமல் எல்லோரும் இறங்கி பிடிப்பார்கள். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் குழம்பு வைக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் ஊர்களும் உண்டு. அப்படி செய்தால் அடுத்த வருஷம் மழை நன்றாக பெய்யும், கண்மாய் பெருகும் என்பது நம்பிக்கை.

போலீஸ் இல்லை, சட்டம் இல்லை. ஒரு துண்டுக்காக ஒரு ஊரே மாதக்கணக்கில் காத்திருக்கிறது. தண்ணீர் வற்றும் போது இத்தனை கட்டுப்பாடு வைத்திருக்கிற அதே ஊரில், தண்ணீர் வரும் போது ஒரு கட்டுப்பாடும் இல்லை. யார் முதலில் போகிறாரோ அவருக்கு மீன்.

திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் எல்லோருக்கும் தெரிந்தது. கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் பயந்து விடும் என்பதற்காக தீபாவளிக்கு கூட பட்டாசு வெடிப்பது இல்லை. பல வருஷமாக அப்படித்தான். தீபாவளி வருவதும் ஐப்பசியில், மீன் ஏறுவதும் ஐப்பசியில். கொக்குக்கும் நாரைக்கும் பட்டாசை விட்டுக்கொடுக்க நம் ஜனங்களுக்கு மனசு இருக்கிறது. அந்த கொக்கு தின்கிற மீனுக்கு மூணு நாள் விட்டுக்கொடுக்க சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று எப்படி முடிவு செய்வது? யாரும் கேட்டுப் பார்க்கவே இல்லையே.

என்ன செய்யலாம்?

கடல் மாதிரி தேதி போட்டு தடை வைப்பது கண்மாய்க்கு சரிப்படாது. மழை ஒரு வருஷம் புரட்டாசியில் வரும், ஒரு வருஷம் கார்த்திகையில் வரும். பெரியாறு, வைகை பாசன கண்மாய்களுக்கு வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளும் வருஷத்துக்கு வருஷம் மாறும். அதனால் தேதியை விட தண்ணீரை வைத்து கணக்கு பார்ப்பது தான் சரி. வரத்துக்காலில் முதல் தண்ணீர் வந்த நாளில் இருந்து குறைந்தது மூணு நாள், முடிந்தால் ஒரு வாரம், குறுக்கே வலை கட்டக்கூடாது. கோடையில் துண்டை வீசி திறக்கிற அதே பெரியவர், மழையில் துண்டை கட்டி மூட வேண்டியது தான்.

மீன்பிடிக்கவே கூடாது என்று சொன்னால் நடக்காது. தூண்டில் போடுகிறவர் போடட்டும். வரத்துக்காலின் ஒரு ஓரத்தில் பறி வைக்கிறவர் வைக்கட்டும். கரைக்கு கரை கொசுவலை மட்டும் வேண்டாம். இந்த ஒன்றை கடைப்பிடித்தாலே ஏறுகிற மீனில் நல்ல பங்கு தப்பித்து விடும்.

இன்னொன்று கோடை சமாச்சாரம். கண்மாய் வற்றினாலும் மடைக்கு பக்கத்தில் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீரும் சேறும் கிடக்கும். விராலும் குறவையும் அந்த சேற்றில் கிடந்து உயிர் பிழைக்கும். அதுகளுக்கு தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு விட தெரியும். அடுத்த மழைக்கு ஏறப்போவது அந்த மீன் தான். திருவிழா அன்றைக்கு அந்த பள்ளத்தையும் கலக்கி சேற்றை தோண்டி எடுத்து விட்டால் விதைநெல்லை குத்தித் தின்ற கதை தான். அந்த ஒரு பள்ளத்தில் மட்டும் நாலு கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வைத்தால் போதும். வலையும் இறங்காது, ஊத்தாவும் இறங்காது. செலவே இல்லாத வேலை.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. மீன்பாசி ஏல நிபந்தனையில் வரத்துக்கால் வலைக்கு ஒரு வரி சேர்க்க மீன்வளத்துறைக்கும் ஊராட்சிகளுக்கும் எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வருஷ குத்தகையை விட பல வருஷ குத்தகை கொடுத்தால், விட்டு வைக்கிற மீன் தனக்கே திரும்ப வரும் என்று குத்தகைதாரருக்கும் ஒரு ஆசை இருக்கும். வரத்துக்காலில் தடுப்பு கட்டுகிற நீர்வளத்துறை அதன் ஓரத்தில் கல்லை அடுக்கி ஒரு சரிவு விட்டால் கெண்டை தாண்டி விடும். இதற்கு எல்லாம் கோடிகள் தேவை இல்லை.

ஊரே முடிவு செய்வதாக இருந்தால் அதற்கு தோதான நாளும் இருக்கிறது. அக்டோபர் 2-ந் தேதி கிராம சபை கூட்டம். வடகிழக்கு பருவமழைக்கு முன்பாக வருகிற கூட்டம் அது. குடிநீர், தெருவிளக்கு, 100 நாள் வேலை பிரச்சினைகளோடு வரத்துக்கால் வலையையும் ஒரு தீர்மானமாக எழுதச் சொல்லலாம்.

கண்மாய்க்கரையில் நின்று இதை பற்றி பேச்சு கொடுத்தால் யாரும் சண்டைக்கு வருவது இல்லை. "சரி தான் தம்பி, சினை மீனை அள்ளுறது பாவம் தான்" என்பார்கள் பெரியவர்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வியில் வந்து நிற்கும். நம் கண்மாய்கள் எல்லாம் ஒன்றுக்கு கீழே ஒன்றாக சங்கிலி மாதிரி இருப்பவை. மேல் கண்மாய் கலுங்கு தண்ணீர் தான் கீழ் கண்மாய்க்கு வரத்து. "நாங்க மூணு நாள் விட்டுர்றோம். இங்க விட்ட மீனு மேல போகும்ல, மேல ஊருக்காரன் விடுவானா? அதை மொதல்ல கேட்டுச் சொல்லுங்க."

மேல் ஊரில் போய் கேட்டால், அவர்கள் அதற்கும் மேலே இருக்கிற ஊரை கை காட்டுகிறார்கள்.